எச்டிடிபி கிளையன்ட் நிரல் இடைமுகம்: வடிவமைப்பு மதிப்பாய்வு

எச்டிடிபி கிளையன்ட் நிரல் இடைமுகம் என்பது, ஒரு நிரல் இணையத்தில் உள்ள வழங்கியிடம் (சர்வர்) தரவு கேட்கவும், அது தரும் மறுமொழியைப் பெறவும் பயன்படுத்தும் கட்டளைகளின் தொகுப்பு ஆகும். உலாவியில் முகவரியைத் தட்டச்சு செய்து மனிதர் செய்யும் வேலையை, நிரல் இந்த இடைமுகத்தின் வழியாகச் செய்கிறது. கைப்பேசிச் செயலிகள், வங்கி மென்பொருள்கள், வானிலைப் பலகைகள் ஆகிய அனைத்திலும் இத்தகைய இடைமுகம் ஒன்று உள்ளே இயங்குகிறது.

புதிய இடைமுகம் ஒன்றை நிலையானதாக அறிவிக்கும் முன், அதன் பெயர்கள், கட்டளைகளின் வரிசை, பிழைகளைத் தெரிவிக்கும் முறை, இயல்பிருப்புகள் ஆகியவற்றைப் பிற நிரலர்கள் ஆராய்ந்து கருத்துக் கூறுவது வடிவமைப்பு மதிப்பாய்வு எனப்படும். இயல்பிருப்பு என்பது, பயன்படுத்துபவர் எதையும் குறிப்பிடாதபோது தானாக அமையும் நிலை ஆகும். ஜாவா மொழியின் பழைய, புதிய எச்டிடிபி இடைமுகங்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அம்மதிப்பாய்வை விளக்குகிறது.

கோரிக்கையும் மறுமொழியும்

எச்டிடிபி நெறிமுறையில் உரையாடலைத் தொடங்குவது எப்போதும் கிளையன்ட்தான். அது அனுப்பும் கோரிக்கையில் வினைச்சொல், முகவரி, தலைப்புகள், தேவையானால் உள்ளடக்கம் ஆகியவை இருக்கும். 'கெட்' என்ற வினைச்சொல் தரவைக் கேட்கிறது; 'போஸ்ட்' புதிய தரவை ஒப்படைக்கிறது. வழங்கி திருப்பி அனுப்பும் மறுமொழியில் மூன்று இலக்க நிலை எண், தலைப்புகள், உள்ளடக்கம் ஆகியவை இருக்கும். 200 என்றால் வெற்றி. 404 என்றால் கேட்ட பொருள் அந்த முகவரியில் இல்லை. 500 என்றால் வழங்கியின் உள்ளே கோளாறு.

இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் 2012 முதல் இயங்கி வருகிறது. வேளாண் விற்பனைச் சந்தைகளின் அன்றாட விலைகளை மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள் வாரியாக நிரல்கள் கேட்டுப் பெறும் வசதி அதில் உண்டு. கோவையில் பயிலும் ஒரு மாணவி, ஈரோடு மாவட்ட மஞ்சள் விலையைக் கைப்பேசியில் காட்டும் சிறு செயலி ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். விலை வந்தால் காட்டுவது எளிது. வராதபோது என்ன காட்டுவது என்பதே கடினமான பகுதி.

விலை வராமைக்குக் காரணங்கள் பல. சந்தைக்கு விடுமுறையாக இருக்கலாம். அப்போது வழங்கி 200 என்ற எண்ணுடன் வெறும் பட்டியலைத் தரும். முகவரி தவறாக இருக்கலாம். அப்போது 404 வரும். வழங்கி பழுதாகியிருக்கலாம், அப்போது 500 வரும். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காதபோது மறுமொழியே வராது. இந்நான்கையும் ஒன்றாகக் கருதும் செயலி, நேற்றைய விலையை இன்றைய விலையாகக் காட்டக்கூடும். அதை நம்பி மூட்டைகளை ஏற்றும் உழவருக்கு அது வண்டி வாடகையும் ஒரு நாளும் வீணாகும் செய்தி. இவ்வேறுபாடுகளை நிரலருக்குத் தெளிவாக எடுத்துத் தருகிறதா என்பது, இடைமுகத்தை மதிப்பாய்வு செய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மதிப்பாய்வு ஏன் தேவைப்படுகிறது

நிரலின் உட்பகுதியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இடைமுகத்தை அப்படித் திருத்த முடியாது. கோவையில் செய்யப்படும் ஒரு பம்ப்செட்டை எடுத்துக்கொண்டால், உள்ளே சுற்றும் செம்புக் கம்பியையும் பேரிங்கையும் உற்பத்தியாளர் மாற்றிக்கொள்ளலாம். வாங்கியவருக்கு அது தெரியாது. நீர் வெளியேறும் வாயின் அளவை மாற்றினால், தோட்டங்களில் ஏற்கெனவே பதித்த குழாய்கள் பொருந்தாமல் போகும். நிரல் இடைமுகத்தில் உள்ள ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு இயல்பிருப்பும் அந்தக் குழாய் வாயைப் போன்றது. வெளியிட்ட மறுநாள் முதல் அதைச் சார்ந்து நிரல்கள் எழுதப்படுகின்றன. பிறகு தவறு தெரிந்தாலும் அதை நீக்க இயலாது. பக்கத்தில் புதியதொன்றை அமைக்க மட்டுமே முடியும்.

ஜாவாவின் பழைய இடைமுகம்

'எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன்' என்ற இடைமுகம் 1997இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் எச்டிடிபியோடு எஃப்டிபி, கோஃபர் போன்ற பிற நெறிமுறைகளும் வழக்கில் இருந்தன. அனைத்துக்கும் பொதுவான அமைப்பின் மேல் இது கட்டப்பட்டதால், எச்டிடிபிக்கே உரிய கருத்துகள் இதில் தெளிவாக அமையவில்லை. பின்வரும் குறைகள் பயன்பாட்டில் வெளிப்பட்டன.

1. பெயரும் செயலும் பொருந்தவில்லை. 'இணைப்பைத் திற' என்ற பொருளுடைய கட்டளை உண்மையில் இணைப்பைத் திறப்பதில்லை. அது இணைப்புக்கான பொருளை மட்டுமே உருவாக்குகிறது. பிறகு வேறொரு கட்டளையை அழைக்கும்போதுதான் இணைப்பு ஏற்படுகிறது.

2. வினைச்சொல் தானாக மாறுகிறது. உள்ளடக்கம் அனுப்பப்போவதாகக் குறித்து, அதை எழுதத் தொடங்கினால், நிரலர் சொல்லாமலே 'கெட்' கோரிக்கை 'போஸ்ட்' ஆகிவிடுகிறது.

3. பிழைச் செய்தி குழப்புகிறது. 404 வந்த நிலையில் மறுமொழியைப் படிக்க முயன்றால், 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற விதிவிலக்கு எழுகிறது. வழங்கி அனுப்பிய விளக்கத்தைப் படிக்க வேறொரு தனிக் கட்டளையை அழைக்க வேண்டும்.

4. அனுமதிக்கப்பட்ட வினைச்சொற்களின் பட்டியல் மூடப்பட்டுள்ளது. 2010இல் தரப்படுத்தப்பட்ட 'பேட்ச்' என்ற வினைச்சொல்லை இது ஏற்பதில்லை.

5. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இழை (திரெட்) காத்திருக்க வேண்டும். 50 சந்தைகளின் விலையை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 2 நொடி ஆனால், மொத்தம் 100 நொடி காத்திருக்க நேரும்.

இதனோடு தொடர்புடைய 'யுஆர்எல்' என்ற வகையிலும் புகழ்பெற்ற குறை ஒன்று உண்டு. இரு முகவரிகள் ஒன்றா என்று ஒப்பிடும்போது, அது பெயர்களை மட்டும் பார்க்காமல், அப்பெயர்களுக்குரிய ஐபி எண்களை வலையமைப்பில் தேடிப் பார்க்கிறது. எளிய ஒப்பீடு என்று நிரலர் நினைத்த இடத்தில் இணையத் தேடல் நடக்கிறது. ஒரே ஐபி எண்ணில் இயங்கும் இரு வேறு தளங்களின் முகவரிகள் சமம் என்ற தவறான விடையும் கிடைக்கக்கூடும்.

மேற்கண்ட குறைகளில் பெரும்பாலானவை உள் செயல்பாட்டின் பிழைகள் அல்ல. பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து இடைமுகத்தைப் படித்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கக்கூடியவை.

புதிய இடைமுகமும் அடைகாக்கும் காலமும்

எச்டிடிபி 2 நெறிமுறை 2015இல் தரப்படுத்தப்பட்டது. அதற்கேற்ற புதிய கிளையன்ட் ஜாவாவுக்குத் தேவை என்ற முன்மொழிவு 'ஜேஇபி 110' என்ற எண்ணைப் பெற்றது. 2017 செப்டம்பரில் ஜாவா 9 வெளிவந்தபோது, அந்த இடைமுகம் நிலையான பகுதியாகச் சேர்க்கப்படவில்லை. முட்டையை அடைகாப்பதைப் போன்ற ஏற்பாடாக, 'இன்குபேட்டர்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய தனித் தொகுதியில் வைத்து வெளியிடப்பட்டது. இது மாறக்கூடும், நீக்கப்படவும் கூடும் என்ற எச்சரிக்கை அப்பெயரிலேயே இருந்தது.

2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 பதிப்பிலும் அது அடைகாப்பில் தொடர்ந்தது. பயன்படுத்தியவர்களின் கருத்துகளைக் கொண்டு பெயர்கள் திருத்தப்பட்டன. எச்டிடிபி 2க்கென ஆக்கப்பட்டிருந்த தனிக் கருத்துருக்கள் குறைக்கப்பட்டன. உட்பகுதி ஏறக்குறைய முழுவதும் மீண்டும் எழுதப்பட்டது. 'ஜேஇபி 321' என்ற முன்மொழிவின் வழியாக, 2018 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 11 பதிப்பில் அது நிலையான இடைமுகம் ஆனது. அடைகாப்புக் காலத்தில் எழுதிய நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது உண்மை. ஆயினும் அந்தச் செலவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அதை ஏற்றவர்களும் தாமாக முன்வந்த சிலரே.

புதிய இடைமுகத்தில் கிளையன்ட், கோரிக்கை, மறுமொழி ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள். கிளையன்ட்டையும் கோரிக்கையையும் படிப்படியாகக் கட்டி முடித்த பிறகு மாற்ற முடியாது. எனவே, பல இழைகள் ஒரே கோரிக்கையைப் பயன்படுத்தினாலும் குழப்பம் நேராது. 404 வந்தால் விதிவிலக்கு எழுவதில்லை. அது ஒரு முறையான மறுமொழியாகவே வந்து சேர்கிறது. மறுமொழியே வராதபோதுதான் விதிவிலக்கு எழுகிறது. காத்திருந்து பெறவும், காத்திராமல் பிறகு பெறவும் இரு தனிக் கட்டளைகள் உள்ளன. 2023இல் ஜாவா 21 பதிப்பில் எடை குறைந்த மெய்நிகர் இழைகள் வந்ததும், காத்திருக்கும் முறைக்கு மீண்டும் மதிப்புக் கூடியது. ஒரு காலத்தின் போக்கை மட்டும் நம்பி மற்றொன்றை நீக்காமல் இரண்டையும் வைத்திருந்தது பயன் தந்தது.

மதிப்பாய்வின் மையக் கேள்வி

இடைமுகத்தை உருவாக்கியவர், எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் நிரலரை மனத்தில் வைத்து எழுதுகிறார். மதிப்பாய்வு செய்பவர் நினைக்க வேண்டியது, ஒன்றை மறந்துவிடும் நிரலரை. அவர் மறந்தால் என்ன நடக்கும் என்ற ஒரே கேள்வியைப் பல இடங்களில் கேட்பதே மதிப்பாய்வின் பெரும்பகுதி.

கால வரம்பை மறந்தால்: வழங்கி இணைப்பை ஏற்றுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருக்கலாம். பைத்தான் மொழியில் 2011 முதல் பரவலாகப் பயன்படும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகத்திலும், ஜாவாவின் புதிய கிளையன்டிலும், நிரலர் கால வரம்பைக் குறிப்பிடாவிட்டால் வரம்பே இல்லை. செயலி காத்துக்கொண்டே இருக்கும். கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் 'டிரை ரன்' காப்பைப் போல, வரம்பு இயல்பாகவே இருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. பெரிய கோப்புகளைப் பதிவிறக்குபவருக்கு எந்த எண்ணும் பொருந்தாது என்பது மறுசாரார் கருத்து. எந்தக் காலத்துக்கு வரம்பு என்பதும் தெளிவாக வேண்டும். 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகத்தில் குறிப்பிடும் வரம்பு முழுப் பதிவிறக்கத்துக்கும் உரியதன்று; வழங்கி தொடர்ந்து மௌனமாக இருக்கும் நேரத்துக்கு உரியது. சிறிது சிறிதாகத் தரவு வந்துகொண்டே இருந்தால், 5 நொடி வரம்பு இட்ட கோரிக்கை பல நிமிடங்களும் நீடிக்கலாம்.

மறுமுயற்சியைப் பற்றி மறந்தால்: 'கெட்' கோரிக்கையை இருமுறை அனுப்பினால் கேடில்லை. 'போஸ்ட்' அப்படியன்று. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் நூலுக்கு ஆணை அனுப்புகிறது; வழங்கி அதைப் பதிவு செய்துவிடுகிறது; மறுமொழி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது என்று கொள்வோம். கிளையன்ட் தானாக மீண்டும் அனுப்பினால், ஒரே ஆணை இரண்டாகப் பதிவாகும். ஜாவாவின் பழைய இடைமுகத்தில், தோல்வியுற்ற 'போஸ்ட்' கோரிக்கையைத் தானாக மீண்டும் அனுப்பும் நடத்தை இயல்பிருப்பாக இருந்தது. புதிய இடைமுகத்தில், இருமுறை அனுப்பினாலும் விளைவு மாறாத கோரிக்கைகளுக்கு மட்டுமே அது இயல்பிருப்பு.

திசைமாற்றத்தைப் பற்றி மறந்தால்: வழங்கி, வேறொரு முகவரிக்குச் செல்லுமாறு மறுமொழி தரலாம். 'ரிக்வெஸ்ட்ஸ்' பொதுவாகத் தானே அங்குச் செல்கிறது. ஜாவாவின் புதிய கிளையன்ட், சொன்னால்தான் செல்கிறது. முதலாவது வசதியானது, இரண்டாவது எச்சரிக்கையானது. எதைத் தேர்ந்தாலும் ஆவணத்தில் முதலிலேயே சொல்லப்பட வேண்டும்.

மூடுவதை மறந்தால்: ஜாவாவின் புதிய கிளையன்ட் தன் இணைப்புகளையும் இழைகளையும் உள்ளே வைத்திருக்கிறது. அதை வெளிப்படையாக மூடும் கட்டளை 2018இல் இல்லை. 2023இல் ஜாவா 21 பதிப்பில்தான் வந்தது. கவனமாக அடைகாக்கப்பட்ட இடைமுகத்திலும் ஒரு விடுபாடு 5 ஆண்டு நீடித்தது. சேர்ப்பது எப்போதும் இயலும், நீக்குவதுதான் இயலாது என்பதால் இவ்விடுபாட்டைச் சரிசெய்ய முடிந்தது. ஐயமுள்ள வசதியை முதற்பதிப்பில் சேர்க்காமல் விடுவது நல்லது என்ற பொதுவிதிக்கும் இதுவே அடிப்படை.

தமிழ் எழுத்துகளும் இடைமுகமும்

தமிழ்த் தரவைக் கையாளும் நிரலருக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. எச்டிடிபி எழுத்துகளை அனுப்புவதில்லை, பைட்டுகளையே அனுப்புகிறது. யுடிஎஃப் 8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறியீடும் 3 பைட் இடம் கொள்கிறது. 'கோவை' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 2 எழுத்து. ஒருங்குறியில் 4 குறியீடு. அனுப்பப்படுவது 12 பைட். உள்ளடக்கத்தின் நீளத்தைத் தலைப்பில் குறிக்கும்போது 12 என்றே குறிக்க வேண்டும். 4 என்று குறித்தால் வழங்கி முதல் 4 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். ஆங்கில எழுத்துகளில் எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கையாக இருப்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த இடைமுகத்தில் இப்பிழை வெளிப்படுவதில்லை.

முகவரியில் தமிழ்ச் சொல் வந்தால், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரு இலக்கங்களுமாக மாற்றி எழுதப்படுகிறது. 'ஈரோடு' என்ற சொல் 5 குறியீடு, 15 பைட், முகவரியில் 45 இடம். இம்மாற்றத்தைச் செய்ய வேண்டியது நிரலரா, இடைமுகமா என்பதில் தெளிவு வேண்டும். இருவரும் செய்தால் சதவீதக் குறியே மீண்டும் குறியாக்கம் பெற்று முகவரி கெடும். இருவரும் செய்யாவிட்டால் வழங்கி கோரிக்கையை மறுக்கலாம். ஓகார உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவோ, ஏகாரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவோ எழுதலாம் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு 'ஈரோடு' சொற்கள் முகவரியில் வேறுபடக்கூடும்.

மறுமொழியைப் படிப்பதிலும் இச்சிக்கல் உண்டு. வழங்கி வெறும் உரை என்று மட்டும் சொல்லி, குறியாக்கத்தைச் சொல்ல மறந்தால், ஜாவாவின் புதிய கிளையன்ட் அதை யுடிஎஃப் 8 என்று கொள்கிறது. தமிழ் சரியாகத் தெரியும். 'ரிக்வெஸ்ட்ஸ்' பழைய நெறிமுறை விதியைப் பின்பற்றி, அதை இலத்தீன் எழுத்துக் குறியாக்கம் என்று கொள்கிறது. 'கோவை'யின் 12 பைட்டும் 12 தனித்தனிக் குறிகளாகச் சிதறும். இங்கே மறந்தவர் வழங்கியை அமைத்தவர். பொருளற்ற குறிகளைப் பார்த்துத் திகைப்பவர் செயலியின் பயனர். இத்தகைய குறையை மதிப்பாய்வில் சுட்டிக்காட்ட, தமிழைப் படிக்கவும் நிரல் எழுதவும் தெரிந்தவர்கள் அம்மதிப்பாய்வில் பங்குபெற வேண்டும். ஜாவாவும் பைத்தானும் திறந்த மூல முறையில் வளர்க்கப்படுவதால், அவற்றின் முன்மொழிவுகளை எவரும் படிக்கலாம்.

மாணவர்களுக்கான பயிற்சி

இடைமுகத்தை மதிப்பாய்வு செய்ய, அதன் உட்பகுதியைப் படிக்க வேண்டியதில்லை. ஆவணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கீழ்க்காணும் நிரல்களை எழுதிப் பார்ப்பது போதிய தொடக்கமாகும்.

1. ஒரு முகவரியிலிருந்து தரவைப் பெற்றுத் திரையில் காட்டும் நிரல். இது எத்தனை வரியில் முடிகிறது, எந்த வரி ஏன் தேவை என்று விளக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. இல்லாத முகவரியைக் கேட்கும் நிரலும், வலையமைப்பைத் துண்டித்துவிட்டு அதே முகவரியைக் கேட்கும் நிரலும். இரண்டின் விளைவும் வேறுபடுத்தி அறியும்படி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

3. இணைப்பை ஏற்று ஒரு மணி நேரம் மௌனமாக இருக்கும் சிறு வழங்கியை அதே கணினியில் எழுதி, அதனிடம் கேட்கும் நிரல். எவ்வளவு நேரத்தில் அது கைவிடுகிறது, இடையில் நிறுத்த வழி உண்டா என்று பார்க்க வேண்டும்.

4. 'பொள்ளாச்சி தேங்காய்' என்ற தொடரை, நடுவில் உள்ள இடைவெளியுடன், முகவரியிலும் உள்ளடக்கத்திலும் வைத்து அனுப்பும் நிரல். வழங்கிக்கு அது மாறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

5. ஒரே நேரத்தில் 50 கோரிக்கைகள் அனுப்பி, அனைத்தும் முடிந்தபின் தூய்மையாக நிற்கும் நிரல்.

எழுதும்போது தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொள்வதும், ஆவணத்தைப் பார்க்காமல் ஊகித்தது தவறாகப் போன இடங்களைத் தனியாகக் குறிப்பதும் பயிற்சியின் பகுதியாகும். இவ்விரண்டாம் பட்டியலே மதிப்பாய்வில் அதிகப் பயன் தருவது. கற்றுத் தேர்ந்தவர் அந்த இடங்களைப் பழகிக் கடந்துவிடுவார். அவை புதிதாகப் பயன்படுத்துபவரின் கண்ணுக்கே தெரியும். ஆகவே முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் தரும் கருத்தும், இடைமுகம் நிலைபெறும் முன் வந்தால், அனுபவமுள்ள நிரலரின் கருத்தைப் போலவே பொருட்படுத்தத் தக்கது.